திடீர் வெயிலில் வயல் வேலை: முதல் வாரம்தான் ஆபத்து

மாசிப் பனி விலகியதும் பங்குனி வெயில் சட்டென்று ஏறிவிடும். உளுந்து அறுவடை, கரும்பு வெட்டு என வேலைகளும் அப்போது நெருக்கும். "வெயில் நமக்கென்ன புதிதா?" என்று முதல் நாளே முழு வேலையில் இறங்காதீர்கள். வெயிலால் மயக்கமும் உயிரிழப்பும் அதிகம் நேர்வது முதல் சில நாட்களில்தான்.

உடலில் நடப்பது என்ன?

நம் உடலின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். சூடு ஏறும்போது தோலுக்கு ரத்தம் அதிகமாகப் பாயும், இதயம் வேகமாகத் துடிக்கும். வியர்வை காய்வதால் உடல் குளிரும். வெயிலுக்குப் பழகாத உடலில் வியர்வை தாமதமாகச் சுரக்கும். அதனுடன் உப்பும் அதிகம் வெளியேறும்.

உடல் வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என ஒரு வாரத்துக்கு மேல் வேலைக்குப் போகாவிட்டால் அந்தப் பழக்கம் குறைந்துவிடும். பசுமைக்குடிலுக்குள் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காயாது. அங்கு கூடுதல் கவனம் தேவை.

செய்ய வேண்டியவை

• 8 மணி நேர வேலை என்றால், புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஒன்றரை மணி நேரம் மட்டும் வெயில் வேலை கொடுங்கள். மீதி நேரம் நிழலில் செய்யும் வேலை போதும். தினமும் ஒன்றரை மணி நேரம் கூட்டுங்கள்.

• பழகிய ஆள் இடைவெளிக்குப் பின் வந்தால் பாதி நேரத்தில் தொடங்கலாம்.

• பகல் 12 முதல் 3 மணி வரை வெயில் வேலையைத் தவிர்க்கவும்.

• தாகம் எடுக்காவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இடையிடையே உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் நல்லது.

• தனியாக வேலை செய்யாதீர்கள்.

ஆபத்து அறிகுறிகள்

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்து தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள்.

பேச்சு உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். வியர்த்துக்கொண்டிருந்தாலும் நம்பி இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காமல், நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மிச்ச வேலையை நாளை முடித்துக்கொள்ளலாம். முதல் வாரம் மட்டும் உடலுக்கு அவகாசம் கொடுங்கள்.