தடையும் குடியேற்றமும்: லண்டன் நவீன ஜாஸ் உருவான விதம்

லண்டனின் நவீன ஜாஸ் அமெரிக்க இசையின் எதிரொலியாகத் தொடங்கியது என்பது வழக்கமான வரலாறு. அது பிழையன்று, எனினும், அமெரிக்கர்கள் வர இயலாத காலத்தில் அந்நகரின் மேடைகளில் நின்றவர்கள் யார் என்பதை அவ்வரலாறு போதிய அளவு கேட்பதில்லை.

1935 முதல், இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் வற்புறுத்தலால், பிரித்தானியத் தொழில் அமைச்சகம் அமெரிக்க இசைக்குழுக்களுக்கு அனுமதி மறுத்துவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இத்தடையால், ரோனி ஸ்காட் போன்ற இளைஞர்கள் அட்லாண்டிக் கப்பல்களின் இசைக்குழுக்களில் சேர்ந்து, நியூயார்க்கில் பீபாப் கேட்டுத் திரும்பினர். யூதக் குடியேறிகள் நிறைந்த கிழக்கு லண்டனில் பிறந்தவர் ஸ்காட். அவரும் நண்பர்களும் 1948இல் சோஹோவில் 'கிளப் இலெவன்' தொடங்கினர்.

அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் காலனிகளின் மக்களையும் பிரித்தானியக் குடிமக்களாகவே வரையறுத்தது. ஆகவே கரீபியக் கலைஞர்களை அத்தடை தீண்டவில்லை. 1951இல் ஜமைக்காவிலிருந்து சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும், மறு ஆண்டு செயின்ட் வின்சென்டிலிருந்து டிரம்பெட் கலைஞர் ஷேக் கீனும் வந்தனர். 1960இல் 'ஃப்ரீ ஃபார்ம்' தொகுப்பைப் பதிவுசெய்த ஹாரியட்டின் ஐவர் குழுவில் மூவர் கரீபியர். முன்வகுத்த சுர அடுக்குகளைக் கைவிட்ட அவ்விசையை ஆர்னெட் கோல்மனின் நகலாகக் காண்பது பொருந்தாது. அவர் வேறு வழியில் அங்குச் சென்றடைந்தவர். பின்னர் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயருடன் (இவருடைய தாய் தமிழர்) இணைந்து இராகங்களையும் ஜாஸையும் அருகருகே வைத்தார்.

கிளப்புகளின் பங்கு இருமுனைப்பட்டது. 1959இல் ஜெரார்ட் தெரு நிலவறையில் ஸ்காட் திறந்த கிளப் உள்ளூர்க் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்டது. 1961 முதல் அமெரிக்க நட்சத்திரங்கள் அங்கு வாரக்கணக்கில் வாசிக்க, உள்ளூரார் பெரும்பாலும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டனர். 1965இல் கிளப் ஃப்ரித் தெருவுக்கு இடம்பெயர்ந்ததுதான் எதிர்பாராத திருப்பம். குத்தகை எஞ்சியிருந்த பழைய நிலவறை, 'ஓல்ட் பிளேஸ்' என்ற பெயரில் இளைஞர்களுக்கு விடப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதை நிறவெறிச் சட்டங்கள் தடுத்த தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய 'புளூ நோட்ஸ்' குழுவினர் அங்கு வாசித்தனர். அவர்களுடைய ஊர்ப்பாடல் சாயலும் கட்டற்ற வேகமும் ஆங்கிலேய இளைஞர்களைப் பற்றிக்கொண்டன. 1970இல் கிறிஸ் மக்கிரெகர் அமைத்த 'பிரதர்ஹுட் ஆஃப் பிரெத்' பெருங்குழுவில் இரு தரப்பினரும் அமர்ந்தனர்.

ஹாரியட்டுக்கு அத்தகைய நிலவறை வாய்க்கவில்லை. 1973 ஜனவரியில், 44ஆம் வயதில், வறுமையில் சவுத்தாம்ப்டனில் இறந்தார்.