சங்ககிரியிலிருந்து பார்த்த இரண்டு படகுகள்

அப்பா பழைய லாரி பார்க்கப் போகும்போது சின்ன வயசில் என்னையும் கூட்டிப்போவார். சங்ககிரி, நாமக்கல் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு லாரிக் கதை உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. எஞ்சினை உறுமவிட்டுக் காட்டும் தரகரை அப்பா கண்டுகொள்ளவே மாட்டார். நேராகக் குனிந்து சேஸிஸைப் பார்ப்பார். வெல்டிங் தழும்பு எங்கே, எத்தனை என்று விரலால் தடவுவார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி: "ஏனுங்க, இதை ஓட்டுன டிரைவர் யாருங்க?"

எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். ஆனாலும் அபிலாஷ் டோமி என்ற இந்தியக் கடற்படை அதிகாரி இரண்டு பாய்மரப் படகுகளில் உலகைச் சுற்றக் கிளம்பிய கதையைப் படித்தபோது, அப்பாவின் கேள்விதான் முதலில் ஞாபகம் வந்தது. முதல் படகு புதுசு. இரண்டாவது செகண்ட் ஹேண்ட்.

கதை பம்பாயில் தொடங்குகிறது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளம் பிரிட்டிஷ் கப்பல் அதிகாரி, 1960களின் முதல் பாதியில் அங்கே தேக்கு மரத்தில் ஒரு படகு கட்டினார். 32 அடி, இரண்டு பாய்மரங்கள். பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றின் பெயரை அதற்கு வைத்தார்: சுஹைலி. 1968இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டி அறிவிக்கப்பட்டது. அவருக்கு வேறொரு பெரிய புதுப் படகு கட்டத்தான் ஆசை. அதற்குப் பணம் தர யாரும் முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் கையில் இருந்த சுஹைலியிலேயே கிளம்பினார்.

போட்டியில் இறங்கியவர்கள் 9 பேர், முடித்தவர் அவர் ஒருவர்தான். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாள் கழித்து இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். நடுவில் அட்லாண்டிக்கில் பலகை இணைப்பு விட்டுத் தண்ணீர் கசிந்தபோது, கடலில் முங்கி, படகுக்கு அடியில் பஞ்சுத் திரி வைத்து அடைத்திருக்கிறார். மொத்தப் பயணத்துக்கும் சராசரி போட்டால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வரும். எங்கள் ஊர்ச் சைக்கிள் முந்திவிடும்.

50 வருஷம் கழித்து, 2018இல் அதே போட்டியை மறுபடி நடத்தினார்கள். விதிகளும் பழைய காலத்தவை. ஜிபிஎஸ் கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்டில் அளந்துதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். படகு 32 முதல் 36 அடிக்குள், 1988க்கு முன் வரையப்பட்ட வடிவமாக இருக்க வேண்டும். அபிலாஷ், கோவாவில் சுஹைலியின் நகலாகவே ஒரு மரப்படகைக் கட்டச் செய்தார். அதன் பெயர் துரியா. விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் தாண்டிய நான்காம் நிலைக்குத் துரியம் என்று பெயர். சைவ நூல்கள் படித்தவர்களுக்குப் பழகிய சொல்.

2022 போட்டிக்கு அவர் எடுத்தது பயானத். ரஸ்ட்லர் 36 என்ற ஃபால்மத் தயாரிப்பு, ஃபைபர் கிளாஸ் உடம்பு, ஒற்றைப் பாய்மரம், 35 அடி 4 அங்குலம்.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். இதுபோன்ற கனமான படகின் உச்ச வேகத்தை, தண்ணீரைத் தொடும் அதன் நீளம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம், மணிக்கு 13 கிலோமீட்டர் சுமார். ஆனால் உச்ச வேகம் தினமும் கிடைக்காது. காற்று குறைந்தாலும் எதிர்த்து வந்தாலும் கனமான சுஹைலி வடிவம் திணறும்; ரஸ்ட்லர் வழுக்கிப் போகும். 2018இல் முதல் மூன்று இடமும் ரஸ்ட்லர் 36களுக்குத்தான். குடியிருக்க என்றால் விஷயம் வேறு. இரண்டு மரம் என்றால் பாய்கள் சின்னச் சின்னதாகப் பிரியும், தனி ஆள் சமாளிக்கலாம். ஆனால் பலகை இணைப்புகளுக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். ஃபைபரில் அந்த இணைப்பே கிடையாது.

காகிதத்தில் இவ்வளவுதான். கடலில் வேறு மாதிரி நடந்தது. மெதுவான படகு என்று சொல்லப்பட்ட துரியா மூன்றாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தது. 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அதைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் ஒடிந்தது, அபிலாஷின் முதுகெலும்பும் முறிந்தது. அசைய முடியாமல் கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. புதுப் படகு என்பதால் ஒடிந்தது என்றும் சொல்ல முடியாது. அதே புயலில் அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கினின் ஃபைபர் படகும் பாய்மரத்தை இழந்தது. இத்தனைக்கும் துரியா மூழ்கவில்லை. மூன்று நாளும் அவரைச் சுமந்துகொண்டு மிதந்தது.

முதுகில் டைட்டானியம் கம்பிகள் வைத்து, ஐந்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். மறுபடி நடக்கப் பழகினார். 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சிலிருந்து மறுபடி கிளம்பினார். வழியில் சுக்கானைத் தானே பிடிக்கும் காற்றுக்கருவி உடைந்தது. கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குத் தகடு செய்துகொண்டார். 16 பேர் கிளம்பியதில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் 3 பேர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் முதலிடம். 236 நாள் கழித்து, 2023 ஏப்ரல் 29 அன்று அபிலாஷ் இரண்டாவதாக வந்தார்.

பழசுதான் நல்லது என்று இதை முடிக்க எனக்கு மனசில்லை. சுஹைலி ஜெயித்தது நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு அதன் ஒவ்வொரு பலகையும் தெரிந்திருந்ததால். பம்பாயிலிருந்து லண்டன் வரை அதை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்தவர் அவர். நகல் எடுத்தவர்கள் வடிவத்தை அப்படியே கொண்டுவந்துவிடலாம், அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர முடியாது. பயானத்தில் ஏறியவரோ, ஒரு படகு எப்படி உடையும் என்பதைத் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டவர்.

அப்பா தழும்பு இருக்கிற வண்டியை வேண்டாம் என்று ஒதுக்கினதே இல்லை. வெல்டிங் சுத்தமாக இருந்தால், "அடிபட்டு எந்திரிச்ச வண்டி, போலாம்" என்பார். அப்போது அவர் வண்டியைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.