வூடூவும் மாடனும்: இரண்டு சொற்கள் பட்ட பாடு

பனச்சமூட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், மாடன் கோயில் கொடையைப் பதிவு செய்திருந்தேன். அந்தக் காணொளியைப் பார்த்த வேறு துறை ஆய்வு நண்பர், சாமியாடி வாழைக்குலையை அள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இது நம்மூர் வூடூ அல்லவா?" என்றார். அவர் குரலில் இகழ்ச்சி இல்லை. விளக்கிச் சொல்லக் கிடைத்த ஒரு சொல்லாகவே அதைப் பயன்படுத்தினார். ஆனால் அந்தச் சொல் அவ்வளவு வெறுமையானதன்று.

முதலில் ஒலி. 'வூ' என்று தமிழில் ஒரு சொல் தொடங்காது. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கும் வகரத்தோடு சேர்ந்து மொழிமுதலில் வாரா என்பது தொல்காப்பிய விதி. எழுத்தளவிலேயே விருந்தாளியான இச்சொல்லின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. இன்றைய பெனின் நாட்டின் ஃபோன் மொழியிலும் அதன் உறவு மொழிகளிலும் 'வோடூன்' என்றால் தெய்வம், ஆவி, கண்ணுக்குப் புலப்படாத ஆற்றல். பொம்மையும் ஊசியும் அந்தப் பொருளுக்குள் எங்குமே இல்லை. பொம்மையில் ஊசி குத்தும் வழக்கம் ஐரோப்பிய நாட்டார் மந்திரத்தில் நன்கு அறியப்பட்டது. பின்னர்தான் அது வூடூவின் தலையில் கட்டப்பட்டது.

அடிமைக் கப்பல்களில் இச்சொல் பிரெஞ்சுக் குடியேற்றமான சான்-தொமிங்குக்குச் சென்றது. அடிமைகள் அனைவரும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற வேண்டும் என்றது 1685ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே வோடூன்கள் புனிதர்களின் உருவங்களுக்குப் பின்னால் நின்று பூசை பெற்றன. 1791இல் தொடங்கிய அடிமைகளின் கிளர்ச்சி 1804இல் ஹெய்ட்டி என்னும் விடுதலை நாடாக முடிந்தது. சொல்லின் மீது சேறு விழுந்தது அதன் பிறகுதான். பிரித்தானியத் தூதராக அங்கிருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் 1884இல் எழுதிய நூல், நரபலிக் கதைகளை ஐரோப்பியர்க்கு வாரி வழங்கியது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்ட்டியை ஆண்டது. அதே காலத்தில் 1929இல் சீப்ரூக்கின் 'மாய தீவு' நூலும், 1932இல் 'வெள்ளை ஸோம்பி' திரைப்படமும் வந்தன. அடக்கி ஆள்வோருக்கு ஆளப்படுவோரின் தெய்வம் பேயாகத் தெரிவது எவ்வளவு வசதியானது!

இங்கும் அதே நூற்றாண்டில் அதே வேலை நடந்தது. கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார் குறித்து வெளியிட்ட நூலில், அம்மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். அந்நூல் பின்னாளில் அச்சமூகத்தாரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சாமுவேல் மெட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதியபோதும் மாடனும் இசக்கியும் அதே கூண்டில்தான் அடைபட்டனர். திராவிட மொழிகளின் உறவை அத்தனை நுட்பமாகக் கண்ட கால்டுவெல்லுக்கு, ஒரு சொல்லின் பொருள் யார் வாயில் இருக்கிறது என்பது தென்படாமல் போனது எனக்கு இன்றும் வியப்பே. தமிழில் 'பேய்' எப்போதும் இழிசொல்லாக இருந்ததில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். ஆழ்வார்களில் ஒருவர் பெயரே பேயாழ்வார்.

இசக்கியின் வழித்தடம் இன்னும் தெளிவானது. யக்ஷி, இயக்கி, இசக்கி. 'உயிர்' பேச்சில் 'உசிர்' ஆவது போலவே இதிலும் யகரம் சகரமாயிற்று. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே இயக்கிக்குப் பால்மடை படைத்துத் திரும்பும் மாதரியைக் காண்கிறோம். பனச்சமூட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிதறால் மலையில் சமண இயக்கியின் சிற்பம் பாறையில் இருக்கிறது. அக்கோயில் இன்று பகவதி கோயில். 1956 நவம்பர் 1இல் எல்லைக்கோடு விழுந்தது: விளவங்கோடு தமிழகத்துக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. கோட்டுக்கு இப்பால் சுடலைமாடன், அப்பால் மாடன் தம்புரான்.

தீவினை மந்திரத்துக்கென்று நம்மிடம் வேறு சொற்கள் உண்டு. செய்வினை, ஏவல். இரண்டுமே இலக்கணக் கலைச்சொற்களும் ஆகும்! ஆங்கிலத்தில் 'கிளாமர்' என்னும் சொல் 'கிராமர்' என்பதன் திரிபு. அது முதலில் மாயவித்தையையே குறித்தது. எழுத்தறிவு மந்திரமாகத் தெரிந்த காலம் இரண்டு மொழிகளிலும் தடம் விட்டிருக்கிறது போலும். எவ்வாறாயினும், செய்வினை வேறு, கொடை வேறு என்பதில் ஊராருக்கு ஐயமே இல்லை.

அந்த ஐயம் எனக்குத்தான் இருந்தது. முதலாண்டுக் களக்குறிப்பேட்டில், 'வகை' என்ற கட்டத்தில், 'பேய் வழிபாடு' என்று நானே எழுதியிருந்தேன். நூல்களில் படித்த பழக்கம். கோயில் பெரியவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "பேய்க்கு எவனாவது பொங்கலிடுவானா மக்கா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

ஹெய்ட்டி 2003இல் வோடூவைச் சமயமாக ஏற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2012இல் தன் நூற்பட்டியல் தலைப்பிலிருந்து 'வூடூயிசம்' என்பதை நீக்கி 'வோடூ' என்று மாற்றியது. என் பதிவின் தலைப்பை இன்று காலை 'மாடன் கொடை' என்று திருத்தினேன். நண்பருக்கும் அந்தக் காணொளியை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.