கசிவை வென்ற கதை - பவர் ஸ்டியரிங் பம்பின் வரலாறு

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் திமிரி. 1751-இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ், அடுத்ததாகப் படையுடன் சென்றது இங்கிருந்த கோட்டையை நோக்கித்தான். ஆனால் இன்று இந்த வட்டாரம் என்றதும் நினைவுக்கு வருவது தோல்தான். பக்கத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம். சற்றுத் தள்ளி ஆம்பூர், வாணியம்பாடி. செருப்பு, ஷூ, கையுறை என்று தோலின் பயன்கள் பலருக்கும் தெரியும். அதே தோல் ஒரு காலத்தில் இயந்திரங்களில் எண்ணெயையும் நீரையும் கசியாமல் தடுத்தது என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் கூடினால் பிஸ்டனைச் சுற்றி நீர் பீறிட்டது. இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகரவில்லை. கிண்ணம் போல் வளைத்த தோல் வளையம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. நீரின் அழுத்தமே தோலை விரித்துச் சுவரோடு ஒட்ட வைத்தது. அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அடைப்பும் அவ்வளவு இறுகியது. இந்த யோசனை பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்று சொல்லப்படுகிறது.

மோட்டார் வண்டிகள் வந்த பிறகும் தோல் விடைபெறவில்லை. 1878-இல் நீராவி இயந்திரங்களுக்குத் தோல் பெல்ட் செய்யத் தொடங்கிய சிகாகோ ராஹைடு என்ற அமெரிக்க நிறுவனம், 1920-களின் இறுதியில் கார்களுக்குத் தோலால் ஆயில் சீல் செய்தது.

அதே 1920-களில்தான் பவர் ஸ்டியரிங்கும் பிறந்தது. பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். அக்கால நீரழுத்தக் கருவிகளில் எண்ணெய் எப்போதும் உயர் அழுத்தத்திலேயே இருந்ததால் கசிவு தீராத தலைவலி. டேவிஸ் இதைத் தலைகீழாக யோசித்தார். வால்வு திறந்தே இருக்கட்டும், எண்ணெய் சும்மா சுற்றி வரட்டும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு மூடி அழுத்தம் எழட்டும் என்பதே அவர் முறை. 1926-இல் ஒரு பியர்ஸ் ஆரோ காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டியது. ஆனால் செலவு கட்டாது என்று 1934-இல் விலகிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் கனரக ராணுவ வண்டிகளுக்கு அது கை கொடுத்தது. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடித்து 25 ஆண்டுகள் ஆகிவிட்டன! இதற்குள் சீலும் மாறியிருந்தது. நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் காப்புரிமை பெற்ற ஓ-ரிங்கும், எண்ணெயைத் தாங்கும் நைட்ரில் ரப்பரும் தோலின் இடத்தைப் பிடித்தன.

தமிழ்நாட்டில் 1987-இல் தொடங்கப்பட்ட ரானே குழும நிறுவனம் விராலிமலையில் பவர் ஸ்டியரிங் தயாரித்தது. கார்களில், 2002 வரை உற்பத்தியான கான்டெசாவின் பிந்தைய வகைகளில் பவர் ஸ்டியரிங் இருந்தது. இத்தகைய பழைய கார்களின் பம்பைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் போராடுவது அதே கசிவோடுதான்.

பம்பைக் கழற்றும் முறை எளிது. பெல்ட்டைத் தளர்த்தி, ஆயிலை வடித்து, ஹோஸ்களைக் கழற்றி, தூசி போகாமல் வாய்களை அடைக்க வேண்டும். புல்லியைச் சுத்தியலால் தட்டாமல் புல்லர் வைத்தே எடுக்க வேண்டும். தட்டினால் ஷாஃப்ட் கெடும். உள்ளே ரோட்டரும், அதன் பள்ளங்களில் வெளியே வந்து உள்ளே போகும் தகடுகளும் இருக்கும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்வது அவசியம். தகட்டின் வளைந்த முனை வெளிவளையத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். புது சீலின் உதடு எண்ணெய்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும். பிரேக் ஆயிலை மாற்றி ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். கடைசியாக, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, என்ஜின் ஓடாமல் ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? எண்ணெய் தீர்ந்தால் வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கனக்கும். சூடான சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும்.

1988-இல் சுசூகி செர்வோ காரில் மின்சார பவர் ஸ்டியரிங் வந்தது. அதில் பம்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. இன்றைய புதிய கார்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் செல்கின்றன. ஆனால் பழைய பம்பைப் பிரிக்கும்போது கையில் வரும் சீலின் உதட்டைப் பார்த்தால் ஒன்று புரியும். பொருள் ரப்பராக மாறியிருந்தாலும், எண்ணெயின் அழுத்தத்தையே துணையாகக் கொண்டு எண்ணெயைத் தடுக்கும் அந்த யோசனை, 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டுத் தோலில் தொடங்கியதுதான்.