கிக்ஸ்டார்ட்டரில் போர்டு கேமுக்குப் பணம் கட்டலாமா? பெட்டி நம்ம ஊருக்கு வந்து சேர என்னென்ன செலவு?

ஆரோவிலை ஒட்டிய இடையஞ்சாவடியில் உட்கார்ந்துகொண்டே, வெளிநாட்டில் இன்னும் அச்சுக்கே போகாத ஒரு போர்டு கேமுக்கு மொபைலில் பணம் கட்டிவிடலாம். ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் பெட்டி கைக்கு வர ரெண்டு வருஷம் ஆகலாம், வராமலே போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் கார்டை எடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

கூட்டு விளையாட்டு என்றால் என்ன?

தாயத்திலும் பரமபதத்திலும் ஒருத்தர் ஜெயித்தால் மத்தவங்க தோற்கணும். கோ-ஆப்பரேட்டிவ் கேமில் எல்லோரும் ஒரே அணி, எதிராளி அந்த விளையாட்டுதான். மந்திரவாதி, வீரன், திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அட்டைகள் காட்டுகிறபடி வரும் அரக்கர்களைச் சேர்ந்து சமாளிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோருக்கும் ஜெயம், தோற்றால் எல்லோருக்கும் தோல்வி.

இந்த வகையில் பெரிய பெயர் ‘குளூம்ஹேவன்’. ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்த இந்த கேமுக்கு 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் சுமார் 3.86 லட்சம் டாலர் சேர்ந்தது. 2017-ல் மறுபதிப்புக்குச் சேர்ந்தது கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். மக்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கி விளையாட்டு தயாரிக்கும் முறை பலன் தரும் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள்.

நல்ல கம்பெனிக்கும் தாமதம் ஆகும்

குளூம்ஹேவனின் அடுத்த பாகம் ‘ஃப்ராஸ்ட்ஹேவன்’. 2020-ல் 83 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து சுமார் 1.3 கோடி டாலர் கட்டினார்கள். 2021 மார்ச்சில் பெட்டி வரும் என்று சொல்லப்பட்டது. பலருக்குக் கைக்கு வந்தது 2022 இறுதியிலும் 2023-லும்தான். கொரோனாவும் கன்டெய்னர் கட்டண உயர்வும் நடுவில் வந்துவிட்டன. அதாவது அனுபவமுள்ள, பணமும் நிறையச் சேர்ந்த கம்பெனிக்கே இந்த நிலை.

‘டார்க்கஸ்ட் டஞ்ஜன்’ போர்டு கேமுக்கு 2020-ல் பணம் திரட்டிய மித்திக் கேம்ஸ், செலவு கூடிவிட்டது என்று சொல்லி, ஏற்கெனவே கட்டியவர்களிடமே 2022-ல் கூடுதல் பணம் கேட்டது.

மோசமான உதாரணமும் உண்டு. ‘தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி’ என்ற கேமுக்கு 2012-ல் 35 ஆயிரம் டாலர் கேட்டு, 1.22 லட்சம் டாலர் சேர்ந்தது. 2013-ல் திட்டம் கைவிடப்பட்டது. பணம் சொந்தச் செலவுக்குப் போய்விட்டது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2015-ல் குற்றம்சாட்டியது. கிரவுட்ஃபண்டிங் விஷயத்தில் அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அது. திருப்பிக் கட்டச் சொன்ன தொகையும், திட்டம் நடத்தியவரிடம் காசு இல்லை என்பதால் நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் வேறொரு நிறுவனம் அந்த கேமை வெளியிட்டு, ஏமாந்தவர்களுக்கு இலவசமாகத் தந்தது. எல்லாருக்கும் அப்படி ஒரு புண்ணியவான் கிடைப்பதில்லை.

இது பர்ச்சேஸ் இல்லையா?

இல்ல. கிக்ஸ்டார்ட்டரே ‘நாங்க கடை இல்லை’ என்று சொல்கிறது. சீட்டு கட்டினால்கூட 1982-ம் வருஷ சிட் ஃபண்ட் சட்டம் துணைக்கு இருக்கிறது. இங்கே திட்டம் நடத்துபவர் வெளிநாட்டில் இருந்தால், சண்டை போடவும் அந்த நாட்டுக்குத்தான் போகணும்.

இலக்குத் தொகை சேராவிட்டால் கிக்ஸ்டார்ட்டர் யாரிடமும் பணம் எடுக்காது. சேர்ந்தால், கெடு முடிந்ததும் கார்டில் இருந்து எடுத்துக்கொள்ளும். அதுவரை பொதுவாகப் பின்வாங்கலாம், காசு போகாது. அந்த நாளில் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் ஆகி இருக்க வேண்டும்.

உண்மையான விலை எது?

பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை பாதி விலை மாதிரி. ஃப்ராஸ்ட்ஹேவன் பெட்டி சுமார் 15 கிலோ. அந்த எடைக்குக் கப்பல் கட்டணம் பல திட்டங்களில் பிறகுதான் தனியாகக் கேட்கப்படும். இந்தியா அனுப்பும் நாடுகள் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் தேடணும். பல கம்பெனிகள் அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு ‘வரி நாங்களே கட்டுவோம்’ என்பார்கள். அந்தச் சலுகை நமக்கு அபூர்வம்.

பார்சல் இங்கே இறங்கியதும் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கப்பல் கட்டணத்தையும் சேர்த்துத்தான் போடுவார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், ரெண்டு வருஷம் கழித்து வரும் பெட்டிக்கு இன்றைய கணக்கை நம்ப முடியாது. ‘கிஃப்ட்’னு எழுதி அனுப்பச் சொல்லலாமே என்பவர்களுக்கு: பரிசுப் பொருளுக்கு 5,000 ரூபாய் வரை இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

யார் விளையாடப் போறாங்க?

காசைவிட இதுதான் பெரிய கேள்வி. குளூம்ஹேவனில் 95 கதைக் கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதே மூணு, நாலு பேர் வாரா வாரம் வந்தால்தான் கதை நகரும். வேலைக்கு, படிப்புக்கு என்று ஊரை விட்டுப் போகும் வயசில் இருப்பவர்களை நம்பி ரெண்டு வருஷம் கழித்து வரப்போகும் பெட்டிக்குப் பணம் கட்டுவது யோசிக்க வேண்டிய விஷயம். தனியாக ஆடும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி.

அடுத்தது மொழி. இவற்றில் அட்டைக்கு அட்டை ஆங்கிலம். வீட்டில் பாட்டியையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால், ஒருத்தர் உட்கார்ந்து தமிழில் கதை சொல்லியே ஆகணும். அப்படிச் சொல்பவரே எல்லாருடைய ஆட்டத்தையும் முடிவு செய்ய ஆரம்பிப்பது கூட்டு விளையாட்டுகளின் பழைய வியாதி. நாலு பேர் விளையாட வேண்டியது ஒருத்தர் விளையாட்டாகிவிடும்.

முன்னாடியே சோதிக்க முடியுமா?

முடியும். நல்ல திட்டங்கள் விதிப் புத்தகத்தை முதலிலேயே வெளியிடும். சில கேம்களுக்கு வீட்டிலேயே பிரிண்ட் எடுத்து ஆடும் மாதிரி கிடைக்கும். பொம்மைகளின் படத்தைவிட அந்த விதிப் புத்தகம் முக்கியம். அது இல்லாமல் கெடு முடியப் போகிறது என்றால், காத்திருப்பதில் நஷ்டமில்லை. திட்டம் நடத்துபவர் இதற்கு முன் எத்தனை கேமை அனுப்பி முடித்திருக்கிறார் என்பது அவர் பக்கத்திலேயே தெரியும்.

இந்த வகை பிடிக்குமா என்றே தெரியாதவர்களுக்கு, 2020-ல் வந்த ‘ஜாஸ் ஆஃப் த லயன்’ போதும். அது குளூம்ஹேவனின் சின்ன வடிவம். 25 கட்டங்கள்தான், முதல் சில கட்டங்கள் விளையாடவே கற்றுத்தரும். ஏற்கெனவே அச்சாகி விற்பனையில் இருப்பதால், வருமா வராதா என்ற கவலையும் இல்லை. பெரிய பெட்டிதான் வேணும்னா, புதுச்சேரி, சென்னை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே ப்ளெட்ஜ் போடலாம். ஆளுக்குக் கால் பங்கு செலவு, விளையாட ஆளும் ரெடி.

கடைசியாக ஒரு சின்ன செலவு. மரக்காணம் உப்பளத்தில் இருந்து தெற்கே நீளும் இந்தக் கரையில், சமையலறை உப்பு ஜாடியே ஈரம் கோர்த்துக்கொள்ளும். அட்டைகள் வளைந்து போகாமல் இருக்க பிளாஸ்டிக் உறையும், பெட்டிக்குள் போட சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் வாங்கணும். நூற்றுக்கணக்கில் அட்டை இருக்கும் கேமுக்கு அந்த உறைச் செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.