மூன்று கோட்ஸும் ஒரு சின்ன மாமியும்

சோகப் பாட்டுக்கு எங்கட பக்கத்தில எப்பவும் மரியாதை இருக்கு. கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டால் நல்ல ரசிகர் எண்டு சொல்வாங்க. காலைத் தட்டித் துள்ளிக் கேட்டால் விளையாட்டுப் பிள்ளை. கலை இலக்கியம் பேசுற இடங்களிலும் இதே கணக்குத்தான். அழ வைக்கிற பாட்டுக்கு ஆய்வரங்கு வைப்பார்கள். ஆட வைக்கிற பாட்டைச் சிரிச்சுக்கொண்டு கடந்து போவார்கள். இந்தக் கட்டுரை ஆட வைக்கிற பாட்டுகளின் பக்கம் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடிச்ச ஒரு பொப்-பங்க் அல்பத்தில இருந்து தொடங்குறேன். ‘ஜிம்மி ஈட் வேர்ல்ட்’ எண்ட அமெரிக்கக் குழு 2001 ஜூலையில் வெளியிட்ட ‘பிளீட் அமெரிக்கன்’. குழுவில் நாலு பேர், அரிசோனா மாநிலத்தில் மீசா எண்ட ஊர்க்காரர்கள். 1999இல் வந்த அவர்களின் முந்தைய அல்பத்துக்குப் பிறகு கேப்பிட்டல் நிறுவனத்தோட இருந்த உறவு முறிஞ்சது. கையில நிறுவனமும் இல்லை, முற்பணமும் இல்லை. வேலைக்குப் போய், ஊர் ஊராகக் கச்சேரி செய்து காசு சேர்த்து, அடுத்த அல்பத்தைத் தாங்களே ஒலிப்பதிவு செய்தார்கள். பிறகுதான் ட்ரீம்வேர்க்ஸ் நிறுவனம் அதை வாங்கி வெளியிட்டது. வெளிவந்து இரண்டு மாதம் ஆக முதல் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. இரத்தம் எண்ட சொல்லோட இருந்த தலைப்பு பிழையாக விளங்கப்படும் எண்டு, அதை எடுத்துவிட்டுக் குழுவின் பெயரையே அல்பத்துக்கு வைத்தார்கள். அந்த அல்பத்தில் வருகிற ‘த மிடில்’ பாட்டு 2002இல் அமெரிக்கத் தரவரிசையில் 5ஆம் இடம் வரைக்கும் ஏறியது.

அந்தப் பாட்டு பிறந்த கதை எனக்குப் பாட்டை விடவும் பிடிக்கும். ரசிகை ஒருத்தி, சின்னப் பிள்ளை, குழுவுக்கு எழுதினாளாம்: கூடப் படிக்கிற பங்க் ரசிகர்கள் தன்னைச் சேர்க்கிறார்கள் இல்லை, தன்னில் பங்க் ‘போதாது’ எண்டு தள்ளி வைக்கிறார்கள் எண்டு. அவளுக்கு ஆறுதலாகப் பிறந்ததுதான் அந்தப் பாட்டு. நிறுவனத்தை இழந்துபோய் நின்ற நாலு பேர், தள்ளி வைக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பொறுமையாக இரு எண்டு சொல்கிறார்கள், அதுவும் ஆடக்கூடிய மெட்டில். ‘போதாது’ எண்ட அந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில வைத்திருங்க. அது எங்கட கதையிலும் வரும்.

பங்க் எண்டால் என்ன எண்டு கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நியூயோர்க்கின் ‘றாமோன்ஸ்’ குழு 1976இல் முதல் அல்பத்தை வெளியிட்டது. 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம்கூட இல்லை. செலவு சுமார் 6,400 டொலர். பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் கிடந்த காலத்தில் அது ஒண்டுமில்லாத காசு. அந்தக் காலத்தில் ரசிகர்கள் தாங்களே அடித்து விற்ற ஆங்கில இதழ் ஒன்று, கிட்டாரில் விரல் வைக்கிற மூன்று கோட்ஸை மட்டும் படமாகக் கீறி, இனிப் போய் ஒரு குழுவைத் தொடங்கு எண்டு எழுதியது. பங்க் இசையின் உயிர் இதுதான். பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இதே வேகத்தோட எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டைச் சேர்த்தால் பொப்-பங்க்.

இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு விசயம் பிடிபட்டது. றாமோன்ஸுக்கு முதலே எங்கட தீவில், எங்கட தமிழில், மூன்று நாலு கோட்ஸை வைத்துக்கொண்டு பொடியன்மார் இதைத்தான் செய்தார்கள். அதற்குப் பெயர் பொப்பிசை. துள்ளிசை எண்டும் சொல்வார்கள்.

அதன் வேர் கடலோடு வந்தது. 1505இல் போர்த்துக்கேயர் வந்து இறங்கினார்கள். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் ஆபிரிக்கர்களும் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அந்தக் கலப்பில் உருவானவைதான் கபறிஞ்ஞாவும் பைலாவும். ஆடு எண்டு பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது பைலா எண்ட பெயர். கல்லாற்றைத் தாண்டி வடக்கே போனால் மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களின் கல்யாண வீடுகளில் பிடிலும் கிட்டாருமாக அந்த ஆட்டம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. 1940களில் வொலி பஸ்தியன் எண்ட பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடிப் பிரபலமாக்கினார். 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவும் கிட்டாரைக் கையில எடுத்து இளைஞர்களின் பாட்டை மாற்றினார்கள். அதே அலையில்தான் தமிழ்ப் பொப்பிசையும் எழுந்தது.

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ தெரியாத ஆள் எங்கட பக்கத்தில் குறைவு. அவர் வடக்கைச் சேர்ந்தவர். ஆனால் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற காலத்தில் நண்பர்களோட பாடிப் பாடி உருவான பாட்டு அது எண்டு சொல்வார்கள். கல் ஓயாத் திட்டத்தோடு வளர்ந்த நகரத்தில், மாணவர் விடுதியில், ஒரு கிட்டாரைச் சுற்றி இருந்து பாடியதை நினைத்துப் பாருங்க. இசை சபையும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. அந்த இதழ் கீறிய படத்தை இவர்கள் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனால் அது சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டார்கள்.

பாட்டின் விசயம் என்ன? ஒரு பொடியன் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிறான், அவ்வளவுதான். ஆனால் கல்முனைப் பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னும் கொஞ்சம் இருக்கு. இங்கே தமிழரிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, வீடு பெண் பிள்ளைக்குப் போகும். கல்யாணம் முடிஞ்சால் மாப்பிள்ளைதான் மாமி வீட்டில் போய் இருக்க வேண்டும். அப்ப மாமியைச் சரிக்கட்டாமல் ஒரு காரியமும் நடக்காது. எங்கட நாட்டார் கவிகளில் மச்சியும் மாமியும் இத்தனை தரம் வருவதற்கும் இதுதான் காரணம். வயலிலும் வாடியிலும் பாடின அந்தக் கேலிதான் கிட்டாரில் ஏறித் திரும்ப வந்தது. பொல்லடிக்கும் ரபானுக்கும் பழகின காதுக்குப் பைலாவின் 6/8 தாளம் அந்நியமாகப் படவும் இல்லை.

அடுத்தவர் ஏ. ஈ. மனோகரன். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ எண்டு இங்கே அழைக்கப்பட்டவர், தமிழ்நாட்டுக்குப் போய் ‘சிலோன் மனோகர்’ ஆனார். அவர் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’யில் மீன் கொண்டுவந்த கதை சிங்களமும் தமிழும் கலந்து வரும். துறையில் மீன் விற்கிற ஆளுக்கு இரண்டு மொழியும் வேணும். அந்தக் கடைத்தெரு மொழியை அப்படியே பாட்டாக்கியதுதான் அதன் அழகு. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில், இளையராஜாவின் இசையில், தமிழ்நாட்டுச் சினிமாவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அங்கே இருந்து இங்கே வருகிற பாட்டு, இந்த ஒரு தரம் இங்கே இருந்து அங்கே போனது. மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.

இந்தப் பாட்டுகள் பொங்கி வந்தது நல்ல காலத்தில் எண்டு நினைக்கிறீங்களா? 1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ச்சி. அதன் பிறகு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1973, 1974இல் பாணுக்கு விடியற்காலையில் இருந்து வரிசை. நெல் விளைகிற எங்கட மாவட்டத்தில் இருந்துகூட அரிசியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு. அதே ஆட்சிதான் இறக்குமதியை இறுக்கித் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவையும் குறைத்தது. அந்த இடைவெளியில் உள்ளூர் எழுத்துக்கும் பாட்டுக்கும் ஒரு இடம் கிடைத்தது. இலங்கை வானொலி அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. பசியோடு இருந்த ஆட்கள்தான் துள்ளிப் பாடினார்கள். கஷ்டம் தெரியாமல் பாடவில்லை.

அப்போதும் ‘போதாது’ எண்ட சொல் வந்தது. கர்நாடக இசை ரசிகர்களுக்கு இதில் சங்கீதம் போதாது. தமிழ்ப் பற்றாளர்களுக்குத் தமிழ் போதாது. புரட்சி பேசினவர்களுக்குக் கருத்துப் போதாது. ஆனால் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ எண்டு நித்தி பாடினது ஒரு குடும்பத்தின் கவலை அல்லாமல் வேறு என்ன? ஆயிரம் பிரசாரப் பேச்சு போகாத இடத்துக்கு அந்தப் பாட்டு போனது, ஏனென்றால் அது சிரித்துக்கொண்டு போனது.

இதை விளங்கிக்கொள்ள பெரியநீலாவணைக்காரருக்கு ஒரு வசதி இருக்கு. கவிஞர் நீலாவணன் எங்கட ஊர். 1931இல் பிறந்து 1975 ஜனவரியில், வயது 44 ஆக முதலே, போய்விட்டார். மரபு யாப்பைக் கையில வைத்துக்கொண்டே, வயலில் நிற்கிற ஆளின் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர். அவருடைய ‘வேளாண்மை’ காவியம் 1982இல் நூலாக வந்தது. எங்கட பேச்சில் கவிதை இருக்கு எண்டு அவர் காட்டியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதே காலத்தில், அதே பேச்சில் பாட்டும் இருக்கு எண்டு காட்டிய கிட்டார் பொடியன்மாரை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது. கசட்டும் இந்தியச் சினிமாப் பாட்டும் வெள்ளமாக வந்தன. உள்ளூர்ப் பாட்டுக்குக் கிடைத்த இடைவெளி மூடிப்போனது. 1983 யூலையோடு நாடே மாறியது. பாடகர்கள் பலர் வெளியேறினார்கள்; நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார். 1990இல் எங்கட கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் பயந்து வாழ்கிற நிலை வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு பாட்டு எண்டால் போர்ப் பாட்டு, அல்லது ஒப்பாரி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எண்டு வரிசையாக எடுத்தது. மட்டக்களப்பில் பறங்கியர் இருந்த டச்பாரையும் விடவில்லை. இத்தனைக்கும் பிறகு சந்தோசமாகப் பாடுவது ஏதோ குற்றம் மாதிரி ஆகிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். பொப்பிசை எங்கட எல்லாருக்கும் பொதுவாக இருந்த கடைசிப் பாட்டுகளில் ஒன்று. பறங்கியரின் தாளம், சிங்களக் கடற்கரையின் மெட்டு, வடக்குப் பொடியனின் வரி, கிழக்கின் மாமி: எல்லாம் ஒரு மூன்று நிமிசத்துக்குள் இருந்தன. ஒருவரும் மாநாடு கூட்டி ஒற்றுமையைத் தீர்மானிக்கவில்லை. ஆட நல்லா இருந்தது, ஆடினார்கள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஒப்பந்தங்களை விட நம்பகமான சாட்சி அது.

இப்ப செய்யக்கூடியது ஒன்று இருக்கு. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் விளையாட்டுக் கழக விழாவிலும் மேடை ஏறின குழுக்கள் எங்கட ஊர்களிலும் இருந்தன. அந்தக் கிட்டார்க்காரர்கள், டோல்கிக்காரர்கள் பலருக்கு இப்ப எழுபது வயது தாண்டியிருக்கும். உப்புக் காற்றில் கசட் நாடா கனகாலம் நிற்காது, மனிசரின் ஞாபகமும் அப்படித்தான். கையில போன் இருக்கு. ஒரு பின்னேரம் அவர்களிடம் போய் இருந்து, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்க. எந்த மேடை, எந்த ஆண்டு, கூட யார் வாசிச்சது எண்டு கேட்டு எழுதி வையுங்க. கிட்டார் பழக விருப்பம் எண்டால் கோட்ஸையும் கேளுங்க. மூன்றுதான். ஒரு கிழமையில கை பழகிவிடும்.