கொற்றவை ஏந்திய படைகள்

சிவமயம்

சிவாலயத்தை வலம் வருவோர் தென்புறத்தே ஆலமர் செல்வரையும் மேல்புறத்தே இலிங்கோற்பவரையும் வணங்கி, வடபுறத்தே நான்முகனை அடுத்துக் கொற்றவையின் திருமுன் வந்து நிற்பர். செவ்வாடையும் மலர்மாலையும் பூண்டு, சந்தனக்காப்பினுள் மறைந்து, திருமுகம் ஒன்றே விளங்க அன்னை காட்சி தருவாள். விளக்கேற்றி வழிபட்டபின் சண்டேசுரர் சந்நிதிக்குச் செல்வர். அவள் திருக்கரங்களில் உள்ளவை யாவை, திருவடிக்கீழ்க் கிடப்பது யாது, அருகில் நிற்கும் விலங்கு யாது என உற்று நோக்குவோர் சிலரே.

அடியேனும் இளமையில் அங்ஙனம் நோக்காது சென்றவனே. திருமடத்துப் பாடசாலையில் பயின்ற நாளில், எம் ஆசிரியர் ஒருநாள் திருமஞ்சன வேளையில் எங்களைத் துர்க்கையின் திருமுன் நிறுத்தி, "முகத்தைப் பார்த்துவிட்டீர்கள்; இனிக் கைகளைப் பாருங்கள்" என்றார். அன்று தொடங்கிய பார்வையே இக்கட்டுரைக்கு வித்து.

அன்னையின் படைகள் வந்த வரலாற்றை விரித்துரைக்கும் நூல் தேவி மாகாத்மியம். மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய இது 13 அத்தியாயங்களும் 700 மந்திரங்களும் உடையது. மகிடாசுரனால் வானுலகை இழந்த தேவர்களின் ஒளியெல்லாம் ஒன்றுகூடி ஒரு பெண்ணுருக் கொண்டதை இதன் இரண்டாம் அத்தியாயம் கூறுகின்றது. அவ்வுருவிற்குச் சிவபெருமான் தம் சூலத்தினின்றும் ஒரு சூலம் தோற்றுவித்து அளித்தார். திருமால் சக்கரம் அளித்தார். வருணன் சங்கும் பாசமும், அக்கினி வேலும், வாயு வில்லும் அம்பு நிறைந்த தூணிகளும், இந்திரன் வச்சிரமும் ஐராவதத்தின் மணியும், யமன் தண்டமும், காலன் வாளும் கேடயமும், விசுவகருமன் மழுவும் பிளவாக் கவசமும் ஈந்தனர். நான்முகன் கமண்டலமும், பிரசாபதி அக்கமாலையும் தந்தனர். இமவான் ஊர்தியாகச் சிங்கத்தைத் தந்தான்.

இப்பட்டியலில் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, கொடுக்கப்பட்டவை யாவும் படைக்கலங்கள் அல்ல. கமண்டலமும் அக்கமாலையும் தவத்தின் அடையாளங்கள். தவமும் வீரமும் ஒரே திருமேனியில் தங்கின என்பதே இதன் குறிப்பு. இரண்டாவது, தேவர் ஒவ்வொருவரும் தமக்கே உரியதென எண்ணியிருந்த ஆற்றலை அன்னையின் கையில் ஒப்புவித்தனர். ஒப்புவித்தபின்னரே வெற்றி கிட்டியது. சைவ சித்தாந்த நோக்கில் கூறின், ஆற்றல் எல்லாம் சிவசத்தி ஒன்றே. தேவர்கள் புதிதாக ஏதும் கொடுத்தாரல்லர். பெற்றதை உரியவளிடம் மீள ஒப்படைத்தனர் என்க.

இங்கே ஓர் ஐயம் எழும். அன்னையின் மேற்கரங்களில் சங்கும் சக்கரமும் இருத்தலைக் கண்டு, "இவள் விஷ்ணு துர்க்கை, சிவாலயத்தில் எங்ஙனம் வந்தாள்?" என வினவுவார் உளர். சக்கரம் திருமால் தந்ததே. ஆயின் சங்கினைத் தந்தவன் வருணன் என்றே மேற்கூறிய நூல் மொழிகின்றது. அன்றியும், தமிழ் வழக்கில் கொற்றவை திருமாலுக்குத் தங்கை. அவளே சிவபெருமானின் பாகத்தமர்ந்த அன்னையும் ஆவாள். சிலப்பதிகாரத்து வேட்டுவவரி இதற்குச் சான்று. அதனுள் அவள் பிறைசூடி, நெற்றிக்கண் உடையவளாய், நஞ்சுண்டு கறுத்த மிடற்றினளாய், யானைத்தோல் போர்த்துச் சூலம் ஏந்தியவளாயும் பாடப்படுகின்றாள். சங்கும் சக்கரமும் ஏந்தியவளாயும் பாடப்படுகின்றாள். சமயத்தார் பிரித்துக் காண்பதை இளங்கோவடிகள் ஒரே திருவுருவில் பொருத்திக் காட்டினார்.

இனி, படைகளை அன்னை எவ்வாறு ஏந்தி நிற்கின்றாள் என்பதைக் காண்போம். இந்நாட்டுச் சிற்பங்களை நோக்கின், வீசிய படை, ஏந்திய படை என இரு நிலைகள் புலப்படும். மத்தியப் பிரதேசத்து விதிசைக்கு அருகில் உதயகிரி என்னும் குன்று உளது. அங்குள்ள 6ஆம் குடைவரையில் குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401-402, குறித்த கல்வெட்டொன்று காணப்படுகின்றது. அங்கே பன்னிரு கரங்களுடன் அன்னை எருமையை மிதித்துச் சூலத்தால் குத்துகின்றாள். இது போர் நிகழும் கணம். படை வீசப்படும் நிலை.

நம் மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குடைவரையிலும் போர்க்காட்சியே உளது. எண்கரத்து அன்னை சிங்கத்தின்மீது அமர்ந்து வில்லை வளைக்கின்றாள். எருமைத்தலையும் மனித உடலும் கொண்ட அசுரன் கதையைப் பற்றியவாறே பின்வாங்குகின்றான். எதிர்ச்சுவரில் திருமால் அரவணையில் அறிதுயில் கொள்கின்றார். தேவி மாகாத்மியத்தின் முதல் வரலாறும் திருமாலின் துயிலைப் பற்றியதே ஆதலின், இவ்விரு சுவர்களும் ஒருங்கே எண்ணத்தக்கன.

அதே மாமல்லபுரத்தில் வராக மண்டபத்திற்குச் சென்று காண்க. அங்கே போர் இல்லை. அன்னை நாற்கரங்களுடன் நேர்நின்ற திருக்கோலத்தில் அமைதியாக நிற்கின்றாள். ஒருபால் சிங்கமும் மறுபால் கலைமானும் விளங்க, அடியவர் கீழே பணிந்துள்ளனர். படைகள் மேற்கரங்களில் ஓய்ந்திருக்கின்றன. இதுவே ஏந்திய படை.

இந்நின்ற கோலமே தமிழகத்துத் திருக்கோயில்களில் பெரிதும் நிலைபெற்றது. சோழர் காலத்தில், சிறப்பாகக் கண்டராதித்தரின் தேவியார் செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கற்றளிகளில், அர்த்தமண்டபத்தின் வடபுறக் கோட்டம் கொற்றவைக்கு உரியதாக வழங்கிவரக் காண்கிறோம். தஞ்சையை அடுத்த புள்ளமங்கைத் திருக்கோயிலில் அன்னை குடைநிழலில் எருமைத்தலைமேல் நிற்க, இருமருங்கும் சிங்கமும் கலைமானும் அடியவரும் விளங்குகின்றனர். கடல் கடந்த சாவகத்திலும், 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பிரம்பனான் சிவாலயத்தில், அன்னைக்குரிய அறை வடபுறத்திலேயே அமைந்துள்ளது என்பது வியந்து போற்றத்தக்கது.

கலைமான் எங்கிருந்து வந்தது? தேவர்கள் தந்த பட்டியலில் அது இல்லை. தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சித்திணையை ஒட்டிக் கொற்றவைநிலை கூறுகின்றது. வேட்டுவவரியில் எயினர் தம் குலக்குமரி ஒருத்தியைப் புலித்தோல் உடுத்தி, பன்றிக்கோட்டைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல்லைத் தாலியாக அணிவித்து, கையில் வில் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றி வழிபடுகின்றனர். ஆகலின் சிங்கம் இமவான் தந்தது. கலைமான் தமிழகத்துக் காடு தந்தது. இரண்டும் அன்னையின் இருமருங்கும் நிற்றல், புராண மரபும் நாட்டு மரபும் ஒரு திருவடியில் கூடியதற்குக் கல்லில் எழுதிய சான்று.

அருகில் தம் தலையைத் தாமே அரிவாரைச் செதுக்கியிருப்பதும் பழஞ்சிற்பங்களில் உண்டு. அவிப்பலி, அரிகண்டம், நவகண்டம் என்றெல்லாம் வழங்கிய அக்கால வழக்கம் மறைந்தொழிந்தது; மறைந்ததே நன்று. இன்று நாம் அங்கே அளிக்கவேண்டிய தலை 'யான்' என்னும் செருக்கே.

இனி உட்பொருள் காண்போம். பெருமான் அருள் இருவகைத்து என்பர் நம் ஆன்றோர். இனிது அருளுவது அறக்கருணை. ஒறுத்து அருளுவது மறக்கருணை. தாய் பால் ஊட்டுவதும் அருளே. பிணியுற்ற மகவின் வாயில் கைப்பு மருந்தை வலிந்து ஊற்றுவதும் அருளே. நோக்கிய அளவிலேயே அசுரரைச் சாம்பலாக்க வல்ல அன்னை படையெடுத்துப் பொருதது ஏன் என்னும் வினாவைத் தேவி மாகாத்மியத்தின் நான்காம் அத்தியாயத் துதியே எழுப்புகின்றது. அன்னையின் படைபட்டுத் தூயராய் அப்பகைவரும் மேலுலகு எய்துக என்னும் கருணையே காரணம் என்பது அதன் விடை. எனவே படை என்பது பகைவனையும் கைவிடாத அருளின் கருவி. பதினோராம் அத்தியாயத்தில், அசுரரை அஞ்சுவிக்கும் அதே மணியோசை, தாய் மக்களைக் காப்பதுபோல எம்மைக் காக்க எனத் தேவர் வேண்டுகின்றனர். ஓசை ஒன்றே, கேட்பவரின் நிலைக்கேற்ப அது அச்சமும் ஆகும், அடைக்கலமும் ஆகும்.

எருமைத்தலையின் பொருளும் ஈண்டு விளங்கும். அன்னை அதனைப் பொடியாக்கி அழித்திலள், அதன்மேல் நிற்கின்றாள். ஆணவமலம் அனாதி, முத்தியிலும் அதன் இருப்புக் கெடாது, அதன் சத்தியே கெடும் என்பது சித்தாந்தத் துணிபு. அடங்கிய தலைமேல் அமர்ந்த திருவடி அக்கொள்கைக்கே உருவாய் நிற்பதாக அடியேன் கருதுவேன். மேற்கரங்களில் படை, முன்வலக்கரத்தில் படை இல்லை, 'அஞ்சேல்' என்னும் குறிப்பு மட்டுமே. ஏந்திய படைகள் யாவும் அவ்வொரு வெறுங்கைக்குக் காவல் போலும்.

இவற்றையெல்லாம் எழுதும் அடியேனுக்கு ஒரு குறை நெஞ்சில் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் திருப்பணி நடந்தது. அங்கிருந்த பழந்துர்க்கையின் கையில் சக்கரத்தின் விளிம்பு உடைந்திருந்தது. "பின்னமான உருவம்; புதிது வைப்போம்" என்றனர் திருப்பணிக் குழுவினர். அடியேனையும் கருத்துக் கேட்டனர். பெருஞ்சிதைவு வேறு, படைக்கலத்தின் நுனி சிதைதல் வேறு. சிறு சிதைவைச் செப்பனிட்டு வழிபடலாம் என்று மரபறிந்தோர் கூறுவதை அடியேன் அறிவேன். ஆயினும், நன்கொடையாளர் மனம் நோகுமே என்று வாய்மூடி இருந்தேன். புதிய உருவம் வந்தது. அழகியதே, ஆயின் அதில் கலைமான் இல்லை, அடியவர் இல்லை, எருமைத்தலையும் வெறும் பீடமாய் மாறிவிட்டது. பழைய உருவம் மதிலோரத்து வேம்பின் அடியில் கிடத்தப்பட்டது. அடுத்த முறை சென்றபோது அது அவ்விடத்தில் இல்லை. எங்குச் சென்றது என்று கூறுவாரும் இல்லை. அடியேனின் ஒரு சொல் அதனைக் காத்திருக்கக்கூடும்.

இத்திருக்கோயிலின் திருப்பணிச் செல்வர்கள் பழைய கொற்றவையையே பேணி, காரை படிந்திருந்த கலைமானை வெளிப்படுத்தி, அன்னையை அவள் இடத்திலேயே எழுந்தருளச் செய்துள்ளனர். அக்கலைமானைக் கண்டபோது அடியேன் கண்கள் கலங்கின. ஒருவேண்டுகோள்: ஆண்டில் சில நாட்களேனும் காப்பும் கவசமுமின்றி அன்னையின் முழுத் திருமேனியும் அன்பர்கள் காணும் வண்ணம் திருமஞ்சன தரிசனம் அமையுமாக. சிறுவர்களை அழைத்து வந்து, "கைகளைப் பாருங்கள்" என்று பெரியோர் காட்டுவாராக. காணாத பொருளை எவரும் காவார்.

நன்னீராட்டுக் கண்ட அன்னையின் 'அஞ்சேல்' என்னும் திருக்கரம் இவ்வூரையும் உலகையும் காக்க.

திருச்சிற்றம்பலம்